வானம் விழ இருந்த ஆனி மாதம்

வெளியூர்க்காரர்களுக்குத் திருப்பதிப் பக்கத்துப் புத்தூர் என்றால் கட்டு. சென்னையில் லாரி மோதினாலும் சரி, நெல்லூரில் தென்னையிலிருந்து விழுந்தாலும் சரி, ஆளைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்குத்தான் வருவார்கள். பக்கத்து ராச்சபாளையத்தில் ராஜுக்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக எலும்பு பொருத்திக் கட்டுகிறது. விரலால் தடவியே முறிவைக் கண்டுபிடித்து, இழுத்துச் சேர்த்து, பச்சிலையும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் சுற்றுவார்கள். மெட்ராஸ்–பம்பாய் ரயில் பாதை ஊர் வழியாகப் போகிறது. அரக்கோணம் பக்கமிருந்து வரும் பாசஞ்சரில் கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டோ, இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டோ யாராவது இறங்குவார்கள். மறுகட்டு வரைக்கும் ஊர் திரும்ப முடியாதவர்கள் தங்க இடம் தேடுவார்கள். எங்கள் வீட்டு முன்கட்டும் திண்ணையும் அப்படித்தான் நிரம்பும். பின்கட்டில் நைனாவின் (அப்பாவின்) இரண்டு தறி, முன்கட்டில் முறிந்த எலும்புகள். தறிச் சத்தமும் முனகலும் கலந்த வீட்டில்தான் நான் தூங்கிப் பழகினேன்.

1979இல் நானும் கட்டுப் போட்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த புளியமரத்திலிருந்து விழுந்து இடது முன்கை முறிந்திருந்தது. வயது பத்து. பத்தைக்குள் அரிப்பெடுக்கும்போதெல்லாம் ஆயா, என் பாட்டி, ஒரு தென்னங்குச்சியைத் துணிக்குள் விட்டு மெதுவாகச் சொறிந்துவிடுவாள். பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டு இல்லை. பகல் முழுவதும் முன்கட்டில் கிடந்து பெரியவர்கள் பேசுவதைக் கேட்பதுதான் வேலை. அந்த வருஷ ஆனி மாதம் அவர்கள் பேசியதெல்லாம் வானத்தைப் பற்றி.

எங்களோடு தங்கியிருந்தவர்களில் ஒருவர் குடியாத்தத்துத் தமிழ் வாத்தியார். மாட்டு வண்டி மோதிச் சைக்கிளோடு விழுந்து கால் முறிந்தவர். கறுப்புச் சட்டைக்காரர். வேலூர்க் கூட்டங்களில் பெரியார் பேசியதை நேரில் கேட்டவர். நெற்றியில் எதுவும் இட மாட்டார். ஆனால் திருவாசகம் முழுவதும் மனப்பாடம். முன்கட்டுக் கூரையில் ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி பதித்திருந்தோம். காலையில் அதன் வழியாக வெயில் ஒரு கம்பம் போல இறங்கும். அதைக் காட்டி ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "தம்பி, அந்த வெளிச்சத்துல தூசி பறக்குது பாரு. மாணிக்கவாசகர் கோடி கோடியா அண்டம் இருக்குன்னு சொல்லிட்டு, அதெல்லாம் எவ்ளோ சின்னதுன்னு காட்டறதுக்கு இந்தத் தூசியத்தான் எடுத்துக்கிட்டார். திருவண்டப்பகுதின்னு பேரு. டெலஸ்கோப்பு கிடையாது அவர்கிட்ட." சாமி இல்லை என்பவர் சாமியைப் பாடியவரைப் பற்றி அவ்வளவு பிரியமாகப் பேசியது எனக்கு அப்போது விநோதமாகப் படவில்லை. இப்போது யோசித்தால், அந்த வீட்டில் நடந்த எல்லாப் பேச்சுக்கும் அந்தப் பிரியம்தான் அடித்தளம்.

தினத்தந்தி வந்ததும் வாத்தியார் கட்டிலில் சாய்ந்தபடி உரக்கப் படிப்பார், தெருவே கேட்கும். ஸ்கைலாப் என்ற ஆய்வுக்கூடத்தை அமெரிக்கா 1973 மே மாதம் மேலே அனுப்பியது. எடை 77 டன். மூன்று மூன்று பேராக மூன்று தடவை ஆட்கள் போய்த் தங்கித் திரும்பினார்கள். 1974 பிப்ரவரிக்குப் பிறகு ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது விழப்போகிறது. வடக்கே 50 பாகை முதல் தெற்கே 50 பாகை வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் விழலாம். அந்தப் பட்டைக்குள் இந்தியா மொத்தமும் வரும், புத்தூரும் வரும்.

"மேல போனது எதுக்கு வாத்தியாரே கீழ வருது?" என்று கேட்டாள் ஆயா. அவர் பொறுமையாகச் சொன்னார். சூரியனில் கரும்புள்ளிகள் கூடியிருக்கின்றன. சூரியன் சீறும்போது பூமியைச் சுற்றிய மேல் காற்று சூடாகி உப்புகிறது. ஸ்கைலாப் அந்தக் காற்றில் உரசி உரசி வேகம் இழந்து இறங்குகிறது. விஞ்ஞானிகள் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே இறங்கிவிட்டது. அதை மேலே தள்ளிவிட நினைத்த விண்ணோடம் இன்னும் தயாராகவில்லை. ஆயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சூரிய பகவான் மூச்சு விட்டா நம்ம தலைல விழுது" என்றாள். வாத்தியார் மறுக்கவில்லை. "அப்படித்தான் வெச்சுக்குங்கம்மா" என்றார்.

ஆயாவுக்கு இது புதிதில்லை. 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடியபோது உலகம் முடியப்போகிறது என்று நாடே நடுங்கியது. வடக்கே பெரிய பெரிய யாகங்கள் நடந்தன. அந்தத் தை மாதம் நடக்க வேண்டிய நைனாவின் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்களாம். "ஒலகமே இருக்காதுன்றாங்க, பத்திரிகை எதுக்கு அடிக்கணும்னு உங்க தாத்தா சொல்லிட்டாரு. அப்புறம் பாத்தா ஒலகம் அப்படியே இருக்குது. பந்தல்காரனுக்குக் குடுத்த முன்பணம்தான் போச்சு" என்று சொல்வாள். பயமே இல்லாமல் சொன்னாள் என்று நினைக்க வேண்டாம். சொல்லிவிட்டு எழுந்து போய் விளக்கேற்றினாள்.

ஊர் பயந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வளர்த்த ஆட்டை அடித்துத் தின்றார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தை, "ஏமவுத்துந்தோ ஏமோ", என்ன ஆகுமோ என்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். கடன் கேட்டு வருகிறவர்கள் வரவில்லை. கொடுக்க வேண்டியவர்களும் அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தார்கள். கோயில்களில் கூட்டம். தெலங்கானா பக்கம் இந்தப் பயம் இன்னும் பெரிதாக இருந்ததைப் பின்னாளில் கேள்விப்பட்டேன். அந்தச் சமயத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு ஸ்கைலாப் என்றே பெயர் வைத்தார்கள். 2021இல் அதே பெயரில் ஒரு தெலுங்குப் படமும் வந்தது.

அப்படி ஒரு மத்தியானத்தில்தான் அந்தப் பேச்சு நடந்தது. வெளி உலகத்தில் மனிதர்கள் இருப்பார்களா என்று நான் கேட்டேன். வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத்தனை நட்சத்திரம் இருக்குது. ஒவ்வொண்ணும் ஒரு சூரியன். நமக்கு மட்டும்தான் உயிருன்னு சொல்றது கெணத்துத் தவளை பேச்சு. எங்கயோ இருப்பாங்க. என்னைக்கு அவங்களக் கண்டுபிடிக்கிறோமோ, அன்னைக்குக் கோயிலு, மசூதி, மாதா கோயிலு எல்லாம் கதவச் சாத்திடும். மனுஷனுக்காகத்தான் கடவுள் ஒலகத்தப் படைச்சான்ற கதை முடிஞ்சுடும்."

ஆயா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டையை நிறுத்தவில்லை. "மேல ஆளு இருக்காங்கன்னு இப்பதான் தெரியுமா உங்களுக்கு? அர்ச்சுனன் போய்ப் பாத்துட்டு வந்தானே."

எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் வைத்தால் பதினெட்டு நாள் நடக்கும். பகலில் கதை, இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று கோயில் வெளியில் பனை உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டிருப்பார்கள். வேஷக்காரர் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சிக்குப் போனதும் விபூதியும் எலுமிச்சம்பழமும் கீழே வீசுவார். பிள்ளை இல்லாத பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். ஆயாவின் வானம் அந்தக் கம்பத்தின் உச்சியில் தொடங்கியது. தவம் முடித்த அர்ச்சுனனை இந்திரனின் தேரோட்டி மாதலி மேலே அழைத்துப் போகிறான். போகிற வழியில் ஒளிவிடும் உருவங்களைப் பார்த்து இவர்கள் யார் என்று அர்ச்சுனன் கேட்கிறான். பூமியிலிருந்து பார்க்கும்போது விளக்குகள் போலச் சிறியதாகத் தெரிந்த நட்சத்திரங்கள் இவர்கள்தான், நல்லது செய்து இறந்துபோனவர்கள் தங்கள் சொந்த ஒளியில் இங்கே இருக்கிறார்கள் என்கிறான் மாதலி. வியாசரின் வனபர்வத்தில் இது இருக்கிறது என்று வாத்தியாரே அன்று ஒப்புக்கொண்டார்.

"செத்தவங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க" என்றாள் ஆயா. "உங்க ஆளுங்க ராக்கெட்டுல போய் அவங்களப் பாத்துட்டு வந்து சொன்னா, எனக்கு எதுக்கு சாமி போய்டும்? என் வீட்டுக்காரரு எப்படி இருக்காருன்னு கேப்பேன்."

என் கவனத்தில் ஆழமாக இறங்கிய இடம் அதுதான். வாத்தியாருக்கு வேற்றுலகத்து உயிர் என்றால் நமக்குப் புதிதாக அறிமுகமாக வேண்டிய யாரோ. ஆயாவுக்கு அது ஏற்கெனவே நம்மோடு இருந்து பிரிந்தவர்கள். இரண்டு பேரும் ஒரே வானத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

1979 ஜூலை 11, புதன்கிழமை. பௌர்ணமி முடிந்து இரண்டாம் நாள். இன்றைக்கு விழுந்துவிடும் என்று காலைச் செய்தியிலேயே சொல்லிவிட்டார்கள். தெருவில் சிலர் நாராயணவனத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பினார்கள், அங்கே பெருமாள் பத்மாவதியைக் கல்யாணம் செய்த இடம், அதன் மேல் விழாது என்று. சிலர் மலையடிவாரத்துக்குப் போகலாம் என்றார்கள். அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா ஆயாவைப் பார்த்தார். ஆயா முன்கட்டைக் காட்டினாள். தொடை எலும்பு முறிந்து அசைய முடியாமல் ஒரு லாரி டிரைவர், இடுப்பில் அடிபட்ட ஒரு கிழவி, காலில் மூங்கிலோடு வாத்தியார். "ஓடறவங்க ஓடட்டும். இவங்கள உட்டுட்டு நாம எங்க போறது?"

பெட்டைக்கோழி ஒன்றை அடித்துக் குழம்பு வைத்தார்கள். தங்கியிருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். பக்கத்து அத்தை வீட்டிலிருந்து பூரணம் வைத்த பொப்பட்டு வந்தது. சாவு பயத்தில் இருந்த தெரு அன்றைக்குச் சாப்பிட்டது போல நான் தீபாவளிக்கும் சாப்பிட்டதில்லை. பிறகு நைனாவும் தெருப் பையன்களும் கட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். கூரைக்குக் கீழே இருப்பதைவிட வெளியே இருப்பது மேல் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்கு மேல் நிலா ஏறியது. டிரான்சிஸ்டர் கரகரத்தது.

ஆயா வாத்தியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டிருந்தாள். நான் அவள் மடியில். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

"சாமி இல்லன்றீங்க. செத்தா எங்க போவீங்க வாத்தியாரே?"

"எங்கயும் போகலம்மா. மண்ணாயிடுவோம்."

"உங்க அம்மா இருக்காங்களா?"

"தவறிட்டாங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாலாத்துக் கரையில எரிச்சோம். அங்க மண்ணுலதான் இருப்பாங்க. வருஷத்துக்கு ஒருவாட்டி அந்த எடத்துல போய் நின்னுட்டு வருவேன்."

"அவ்ளோதான். நானும் அதத்தான் செய்யறேன். கூட ஒரு கற்பூரம் ஏத்தறேன்."

அதற்கு மேல் இருவரும் விவாதிக்கவில்லை. டிரைவர் தண்ணீர் கேட்டார். ஆயா எழுந்து போய்க் கொடுத்தாள். கிழவி தன் மகள் பெயரைச் சொல்லிப் புலம்பினாள். ஆயா அவள் காலைப் பிடித்துவிட்டாள். வாத்தியார் டிரைவரிடம் அவர் போன ஊர்களைப் பற்றிக் கேட்டு, அவரை விடாமல் பேசவைத்துக்கொண்டிருந்தார். சாமி உண்டு என்றவளும் இல்லை என்றவரும் அந்த இரவு செய்த வேலை ஒன்றே.

இந்திய நேரம் இரவு பத்து மணி சுமாருக்கு ஸ்கைலாப் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் என்ற ஊரைச் சுற்றியும் துண்டு துண்டாக விழுந்தது. யாருக்கும் காயமில்லை. யாராவது ஒருவர் மேல் ஒரு துண்டாவது விழ 152இல் ஒரு வாய்ப்பு என்று நாசா கணக்கிட்டிருந்ததைப் பெரியவனான பிறகு படித்தேன். எங்களுக்குக் காலைச் செய்தியில்தான் தெரிந்தது. தெலுங்கு அத்தை வாசல் தெளித்து, வழக்கத்தைவிடப் பெரிய கோலம் போட்டாள்.

ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 10 காலையில், நம்முடைய எஸ்.எல்.வி.–3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. எங்களுக்கு வடகிழக்கே 80 கிலோமீட்டர்தான். 35 கிலோ ரோகிணியைத் தூக்கிக்கொண்டு போனது, இரண்டாம் கட்டத்தில் கோளாறாகி ஐந்தாறு நிமிஷத்தில் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். தோல்வியைப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் தன் தலையில் ஏற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். "மனதி கூடா பட்போயிந்தி" என்று அத்தை வருத்தப்பட்டாள். நம்முடையதும் விழுந்துவிட்டதே என்று. மறு வருஷம் ஜூலை 18 அன்று அது வெற்றிகரமாகப் பறந்தபோது தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். அதற்கு முன்பே 1980 பிப்ரவரி 16 சூரிய கிரகணம் வந்து போயிருந்தது. திருமலையில் நடை சாத்திவிட்டார்கள். கிரகண நேரத்திலும் திறந்திருக்கிற காளஹஸ்திக்கு அத்தை குடும்பத்தோடு போய்விட்டாள். ஆயா கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர்ப் பானையில் தர்ப்பை போட்டாள். வாத்தியாருக்கு என் கையாலேயே கார்டு எழுதினேன்: எக்ஸ்ரே பிலிமை வைத்துப் பார்த்தேன் என்று. அப்படிப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும், அடுத்த தடவை அட்டையில் ஊசித்துளை போட்டுச் சுவரில் நிழலைப் பார் என்று பதில் எழுதினார். என்னைப் பற்றிக் கவலைப்பட்ட அந்த எழுத்து இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆயா இறந்தது நான் கல்லூரியில் படித்தபோது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது. ஊரே எலும்பு கட்டுகிற ஊர், கட்டினார்கள். இந்த வயதில் கூடுவது கஷ்டம், வலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எத்தனையோ பேர் எழுந்து நடந்துபோன அதே முன்கட்டில், அதே கண்ணாடி ஓட்டுக்குக் கீழே படுத்திருந்தாள். தெருவில் எல்லாரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். சின்னப் பிள்ளைகளும் வந்தார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. வாயில் பால் விட்டவர்களில் நானும் ஒருவன். எரித்த மறுநாள் சாம்பலில் எலும்பு பொறுக்கப் போனோம். நைனா ஒவ்வொரு துண்டாக எடுத்துக் காலிலிருந்து தலைவரை வரிசையாகச் சட்டியில் வைத்தார். அந்த ஊரில் எலும்புகள் ஒன்றுசேர்வதை மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். சேராத எலும்பை அன்றுதான் கையில் எடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது.

காரியத்துக்கு வாத்தியார் வந்தார். லேசாகச் சாய்ந்து நடந்தார். சடங்கில் கலந்துகொள்ளவில்லை, தோட்டத்தில் உட்கார்ந்து இலை தைத்துக் கொடுத்தார். போகும்போது வேப்பமரத்தடியில் நின்று, "இங்கதான கட்டில் போட்டிருந்தோம்" என்றார்.

அவர் சொன்ன ஆரூடத்தை அதற்குப் பிறகு பல வருஷம் யோசித்திருக்கிறேன். வேற்றுலகத்தில் உயிர் தெரிந்தால் மதங்கள் மூடிவிடுமா? 2008இல் அமெரிக்க இறையியல் அறிஞர் டெட் பீட்டர்ஸ் பல மதத்தவரும் மதமற்றவருமாக 1,300 பேருக்கு மேல் இதைக் கேட்டார். நம்பிக்கை உள்ளவர்களில் பெரும்பாலோர் எங்கள் நம்பிக்கைக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். மதங்கள் ஆட்டம் காணும் என்று அதிகமாகச் சொன்னவர்கள் மதமில்லாதவர்கள். வாத்தியாரும் ஆயாவும் பேசியதை ஆயிரம் பேர் வாயால் கேட்டது போல இருந்தது. அதே வருஷம் வத்திக்கான் வானாய்வகத் தலைவர் ஹோசே ஃபூனஸ், அப்படி உயிர் இருந்தால் அவர்களும் நம் சகோதரர்களே என்றார். கண்டுபிடிப்புக்கு முன்பே இடம் ஒதுக்கிவிட்டார்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒவ்வொரு பெரிய ஏவுதலுக்கு முன்னாலும் அதன் சின்ன மாதிரி திருமலைக்குப் போகிறது. 2013 நவம்பரில் மங்கள்யான் கிளம்பும்போது போனது; 2023 ஜூலையில் சந்திரயான்–3 கிளம்பும்போதும் போனது, சூலூர்ப்பேட்டை செங்காளம்மன் கோயிலில் பூஜையும் நடந்தது. விஞ்ஞானிகள் இப்படிச் செய்யலாமா என்று பகுத்தறிவாளர்கள் கேட்கிறார்கள். அரசுப் பணத்தில் இயங்கும் நிறுவனத்தைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நான் அந்தப் படங்களில் பார்ப்பது வேறு. செவ்வாயின் காற்றில் மீத்தேன் இருக்கிறதா, அதாவது உயிரின் தடயம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கப் போன கலம் மங்கள்யான். அந்தக் கேள்வியை ஏழுமலையான் காலடியில் வைத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். பதில் என்ன வந்தாலும் மலையில் கூட்டம் குறையாது என்பது அனுப்பினவர்களுக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். மலைக்கு நடந்து போகிறவர்களில் உலகம் எப்படி உண்டானது என்று கேட்கப் போகிறவர் எத்தனை பேர்? பிள்ளைக்கு ஜுரம், புருஷனுக்குக் கிட்னி, அம்மாவுக்கு ஆபரேஷன். சாவு கொஞ்சம் தள்ளிப்போக வேண்டும் என்றுதான் மொட்டை போடுகிறார்கள்.

நம்பிக்கையின் எதிர்காலத்தை மாற்றக்கூடியது வேற்றுலகத்து உயிர் இல்லை. சாவு வீட்டை விட்டுப் போனதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது எங்கள் தெருவில் யாருக்காவது முடியவில்லை என்றால் திருப்பதி ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஐ.சி.யு.; ஒருவருக்கு ஐந்து நிமிஷம் அனுமதி. உடம்பு ஆம்புலன்ஸில் வருகிறது. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பத்து வயதில் நான் கேட்ட அந்தப் பேச்சு, செத்தா எங்க போவீங்க என்று ஒருவரை ஒருவர் நேராகக் கேட்கிற பேச்சு, எந்த முன்கட்டில் நடக்கும்? கோயில்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன, பாரதக் கம்பம் இன்னும் நடுகிறார்கள். சாகிறவர் பக்கத்தில் உட்காரும் பழக்கம்தான் குறைந்திருக்கிறது. அது போனால், சாமி உண்டு என்பதிலும் இல்லை என்பதிலும் சாரம் குறைந்துவிடும். எனக்கு அதில்தான் கவலை.

வானத்துச் செய்திகள் நிற்கவில்லை. 2005இல் ஹைதராபாத்திலிருந்து பறந்த பலூன் 20 முதல் 41 கிலோமீட்டர் உயரத்தில் அள்ளிய காற்றில் மூன்று புதிய பாக்டீரியாக்கள் கிடைத்தன என்று 2009இல் இஸ்ரோ அறிவித்தது. ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயர், ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயர், ஒன்றுக்கு ஃபிரெட் ஹாயில் பெயர். உயிர் விண்வெளியிலிருந்தே பூமிக்கு வந்தது என்று கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவோடு சேர்ந்து வாதாடியவர் ஹாயில். அந்த பாக்டீரியாக்கள் வெளியிலிருந்து வந்தவை என்று நிரூபணமாகவில்லை. 2025 ஏப்ரலில், கேம்பிரிட்ஜில் வேலை செய்யும் நம் நாட்டு நிக்கு மதுசூதன் குழுவினர் 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2–18பி என்ற கோளில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஒரு வாயுவின் அடையாளத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள். மற்றவர்கள் மறுக்கிறார்கள், வாதம் நடக்கிறது. அவர்கள் ஆராய்ந்த ஒளி ஆயா பிறப்பதற்கும் முன்னால் அங்கிருந்து புறப்பட்டது.

எல்லாவற்றிலும் என் மனம் போய் நிற்பது வேறோர் இடத்தில். எங்கள் தெரு ஸ்கைலாபுக்குப் பயந்துகொண்டிருந்த அதே வாரம், ஜூலை 9 அன்று, வாயேஜர்–2 வியாழனைக் கடந்துகொண்டிருந்தது. யூரோப்பா என்ற நிலவின் பனிப் பரப்பையும் அதில் ஓடும் கீறல்களையும் அது கிட்டத்தில் படம் எடுத்தது. அந்தப் பனிக்கடியில் கடல் இருக்கிறது, உயிர் தேட நல்ல இடம் என்று இப்போது அங்கே ஒரு கலம் போய்க்கொண்டிருக்கிறது. 2024 அக்டோபரில் கிளம்பியது. நாங்கள் தலைக்கு மேல் விழப்போகிற இரும்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, மனிதன் உயிர் தேடப்போகிற இடத்தின் படம் பூமிக்கு வந்துகொண்டிருந்தது.

வாயேஜரில் ஒரு பொன் தட்டு இருக்கிறது. என்றாவது யாராவது எடுத்துக் கேட்பார்கள் என்று 55 மொழிகளில் வணக்கம் பதிந்து வைத்திருக்கிறார்கள். தெலுங்கு உண்டு. தமிழ் இல்லை. ஆயாவின் குரல் போகாத இடத்துக்குப் பக்கத்து வீட்டு அத்தையின் பேச்சு போகிறது. அது எனக்குச் சின்ன வருத்தம், பெரிய சந்தோஷம். கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி உண்டு. அவர் 1977 செப்டம்பரில், வாயேஜர்–1 கிளம்பிய 11 நாளில் இறந்தார். செத்தவர்கள் நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கிறார்கள் என்று ஆயா சொன்னதில் ஒருவரைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை. அவருடைய குரல் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தத் தட்டைத் தயாரித்த கார்ல் சேகன் குழுவினர் போர், நோய், வறுமை, குற்றம் எதையும் படங்களில் காட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். நல்ல முகத்தோடு அறிமுகமாக வேண்டும் என்ற எண்ணம். குறை சொல்ல முடியாது. பிறப்பைக் காட்டும் படம் உண்டு, பால் கொடுக்கும் தாய் உண்டு. நாம் சாவோம் என்று சொல்லும் படம் எது என்று பட்டியலை எடுத்துத் தேடினேன். தாஜ்மகால் இருந்தது. மற்றக் கட்டடங்களோடு ஒரு கட்டடமாக, விளக்கம் இல்லாமல். எடுத்துப் பார்க்கிறவர்கள் இந்த ஊரில் பெரிய மனிதர் ஒருவர் இதில் குடியிருக்கிறார் என்று நினைப்பார்கள். அடுத்த தட்டு அனுப்பும்போது எந்த மொழியிலாவது ஒரு வரி சேர்க்க வேண்டும்: இது வீடு இல்லை, பிள்ளைப்பேற்றில் இறந்துபோன ஒருத்திக்கு அவள் புருஷன் கட்டியது, உங்கள் இடத்தில் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.